கன்சோல் சர்வரைக் கணினியோடு முதன்முறை இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய கன்சோல் சர்வர் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, எந்தக் கேபிளை எங்கே செருகுவது என்று யோசிப்பவர்களுக்காக எழுதியது இது. நிறுவனத்துக்கு நிறுவனம் விவரங்கள் மாறும். உங்கள் கையேடு வேறு எண்ணைச் சொன்னால் அந்த எண்ணையே நம்புங்கள். முறையும் மாட்டிக்கொள்ளும் இடங்களும் மட்டும் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பார்க்க ஸ்விட்ச் மாதிரியே இருக்கிறதே, இது என்ன செய்கிறது?

தோற்றத்தில் ஸ்விட்ச்தான். 8, 16, 32, 48 என்று வரிசையாக ஆர்ஜே-45 துளைகள் இருக்கும். ஆனால் அவற்றில் ஓடுவது ஈதர்நெட் அல்ல, 1960-இல் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 என்னும் சீரியல் முறை. ரவுட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால், சர்வர் என்று ஒவ்வொன்றிலும் நேரடியாகக் கட்டளை கொடுக்க வைத்திருக்கும் கன்சோல் போர்ட்டிலிருந்தும் ஒரு கேபிள் இங்கே வந்து சேரும். இவை தவிர ஒன்றோ இரண்டோ உண்மையான ஈதர்நெட் போர்ட்டுகள் இருக்கும். அவற்றின் வழியாக நீங்கள் உள்ளே வந்து, வேண்டிய கருவியின் கன்சோலைத் திறக்கிறீர்கள். ரவுட்டருக்குப் பக்கத்திலேயே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தால் என்ன தெரியுமோ அதுவே எங்கிருந்தாலும் தெரியும்.

ரவுட்டரின் ஐபி முகவரியைத் தவறாக மாற்றி அது நெட்வொர்க்கில் யாருக்கும் பதில் சொல்லாமல் போனாலும், கன்சோலில் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். அதாவது மற்றதெல்லாம் விழுந்த பிறகு தேடிப் போகும் கருவி இது. முதல் நாள் அமைக்கும்போது எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் அப்படி எல்லாம் விழும் இரவை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டும். கீழே வரும் பதில்களில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதற்கு அதுவே காரணம்.

முதல் இணைப்புக்கு எத்தனை வழிகள்? எதில் தொடங்குவது?

மூன்று வழிகள். ஒன்று, தொழிற்சாலையில் பதித்து அனுப்பிய ஐபி முகவரிக்கு ஈதர்நெட் வழியாகப் போவது. இரண்டு, டிஎச்சிபி (நெட்வொர்க்கே முகவரி வழங்கும் முறை) மூலம் அது முகவரி வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டு, வாங்கியது எது என்று கண்டுபிடிப்பது. மூன்று, கன்சோல் சர்வருக்கே உள்ள சொந்தக் கன்சோல் போர்ட்டில் சீரியல் கேபிளைச் செருகுவது.

பெரும்பாலான கையேடுகள் முதல் வழியில் தொடங்கும். நான் மூன்றாவதில் தொடங்குவேன். சீரியல் இணைப்புக்கு முகவரி வேண்டாம், கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடும் கருவியின் முகவரி) வேண்டாம், உலாவியும் வேண்டாம். பின்னொரு நாள் நெட்வொர்க் அமைப்பைக் குழப்பிவிட்டால் திரும்பி நுழையும் வாசலும் அதுதான். அந்த வாசல் திறக்கிறதா என்று அவசரமில்லாத நாளிலேயே பார்த்துவிடுவது நல்லது. கையில் சரியான கேபிள் இல்லையென்றால் ஈதர்நெட்டில் தொடங்குவதில் பிழையில்லை.

ஈதர்நெட் வழியாக எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பெட்டியின் அடியிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். முகவரி அங்கே இருக்கலாம், இல்லையென்றால் கையேட்டின் முதல் பக்கங்களில் இருக்கும். ஓப்பன்கியர் நிறுவனத்தின் பல மாடல்கள் 192.168.0.1 என்ற முகவரியோடு வருகின்றன. நெருங்கிய உறவான மோக்சா என்போர்ட் சீரியல் கருவிகளுக்கு 192.168.127.254. எடுத்துக்காட்டுக்கு முதலாவதை வைத்துக்கொள்வோம்.

கணினியின் ஈதர்நெட் போர்ட்டுக்கும் கன்சோல் சர்வரின் முதல் நெட்வொர்க் போர்ட்டுக்கும் இடையே ஒரு கேபிள் போடுங்கள். கணினியின் நெட்வொர்க் அமைப்பில் தானியங்கி முகவரியை விட்டுவிட்டுக் கையால் எழுதுங்கள்: ஐபி முகவரி 192.168.0.100, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் காலியாக விடுங்கள். கடைசி எண் 100 ஆகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 2 முதல் 254 வரை எதுவும் சரி. 1 அந்தக் கருவியுடையது, 0 அந்த நெட்வொர்க்கையே குறிப்பது, 255 எல்லோருக்கும் அறிவிப்பதற்கானது.

பிறகு கட்டளைச் சாளரத்தைத் திறந்து 192.168.0.1-க்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். பதில் வந்தால் உலாவியில் எச்டிடிபிஎஸ் என்று முன்னால் சேர்த்து அதே முகவரியைத் திறக்கலாம், அல்லது எஸ்எஸ்எச் (மறைகுறியாக்கிய கட்டளை இணைப்பு) மூலம் நுழையலாம். கருவி முழுதாகத் தொடங்க ஓரிரு நிமிடங்கள் ஆகலாம். மின்சாரம் கொடுத்த பத்தாவது விநாடியில் பிங் பதில் வரவில்லை என்று கேபிளை மாற்ற ஆரம்பிக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் கணினியைத் தானியங்கி முகவரிக்குத் திருப்புங்கள். மறுநாள் காலையில் "இணையம் வரவில்லை" என்று புலம்புகிறவர்களில் பலர் முந்தின நாள் இதை மறந்தவர்கள்.

பிங் பதில் வருகிறது, ஆனால் உள்நுழைவுப் பக்கம் வேறு மாதிரி இருக்கிறது. கடவுச்சொல்லும் ஏற்கவில்லை. ஏன்?

இந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் நானும் ஏமாந்திருக்கிறேன். அரை மணி நேரம் ஒரு உள்நுழைவுப் பக்கத்தோடு மல்லுக்கட்டினேன். கையேட்டில் உள்ள கடவுச்சொல், சீட்டில் உள்ள கடவுச்சொல், பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று ஒன்று விடாமல் முயன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பக்கத்தின் மூலையில் இருந்த சின்னத்தை உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது கன்சோல் சர்வரே அல்ல. என் மடிக்கணினி வைஃபையிலும் இணைந்திருந்தது. அந்த வைஃபை ரவுட்டரின் முகவரியும் 192.168.0.1.

192.168 என்று தொடங்கும் முகவரிகள் யார் வேண்டுமானாலும் தங்கள் வளாகத்துக்குள் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கப்பட்டவை. அதனால் ஒரே முகவரி பல பெட்டிகளில் இருப்பதில் வியப்பில்லை. கணினிக்கு இரண்டு பக்கமும் ஒரே நெட்வொர்க் தெரியும்போது எந்தப் பக்கம் போவது என்று அதுவாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். அது நீங்கள் நினைத்த பக்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை. தீர்வு எளிது: தொடங்குவதற்கு முன் வைஃபையையும் விபிஎன்னையும் அணைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஈதர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பிங் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் பதில் வந்தால் பேசுவது வேறு ஆள்.

கிராஸ்ஓவர் கேபிள் (அனுப்பும், பெறும் கம்பிகளை இடம்மாற்றியது) வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இரு முனைகளில் ஒன்றாவது எந்தக் கம்பியில் அனுப்புவது, எதில் பெறுவது என்பதைத் தானாக மாற்றிக்கொள்ளும் வசதி கொண்டிருந்தால் சாதாரணக் கேபிளே போதும். கிகாபிட் போர்ட்டுகளில் இது ஏறக்குறைய எப்போதும் உண்டு. இரண்டு முனைகளும் பழைய 10/100 வகையாக இருந்து விளக்கும் எரியவில்லை என்றால் நடுவில் ஒரு சின்ன ஸ்விட்சைப் போட்டுவிடுங்கள். கிராஸ்ஓவர் கேபிளைத் தேடி அலைவதைவிட அது விரைவு.

சீட்டில் முகவரியே இல்லை. டிஎச்சிபி என்று மட்டும் போட்டிருக்கிறது. எந்த முகவரி வாங்கியது என்று எப்படித் தெரியும்?

டிஎச்சிபி தரும் நெட்வொர்க் ஒன்றில் அதைச் செருகி, முகவரி கொடுத்த சர்வரின் பட்டியலைப் பாருங்கள். கன்சோல் சர்வரின் மேக் முகவரி (வன்பொருளில் பதிந்த அடையாள எண்) சீட்டில் அச்சாகியிருக்கும். பட்டியலில் அதே எண்ணுக்கு எதிரே உள்ள ஐபி முகவரிதான் நீங்கள் தேடுவது. முதல் மூன்று இணை எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிப்பவை என்பதால் நீண்ட பட்டியலிலும் கண்ணில் படும். முன்புறம் சிறு திரை உள்ள மாடல்களில் அதிலேயே முகவரியைப் படித்துவிடலாம்.

டிஎச்சிபிக்காகக் காத்திருக்கும் கருவியைக் கணினியோடு நேரடியாக இணைத்தால் கொடுப்பார் யாரும் இல்லை. அப்போது கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தோன்றும். "கேட்டேன், யாரும் தரவில்லை, நானே ஒன்றை வைத்துக்கொண்டேன்" என்பதே அதன் பொருள். அந்த எண்ணைக் கண்டால் வழியை மாற்றுங்கள்.

சில பழைய கருவிகளில் இன்னொரு தந்திரம் உண்டு. வேண்டிய ஐபி முகவரியையும் கருவியின் மேக் முகவரியையும் கணினியின் ஏஆர்பி அட்டவணையில் (எந்த ஐபி எந்த மேக்குக்கு உரியது என்ற பட்டியல்) கையால் சேர்த்துவிட்டுப் பிங் கொடுத்தால், அந்த முகவரியைக் கருவி தனதாக்கிக்கொள்ளும். கையேட்டில் சொல்லியிருந்தால் மட்டும் முயலுங்கள்.

சீரியல் வழிக்கு எந்தக் கேபிள்? ஆர்ஜே-45 என்றால் எல்லாம் ஒன்றுதானே?

துளை ஒன்று, உள்ளே கம்பி வரிசை வேறு வேறு. இந்தத் தொழிலில் வீணான நேரத்தில் பாதி இங்கேதான் போகிறது.

கன்சோல் போர்ட்டின் எட்டுக் கம்பிகளில் எது என்ன வேலை செய்கிறது என்பதற்குப் பொதுத் தரம் என்று ஒன்று நிலைக்கவில்லை. மிகப் பரவலானது சிஸ்கோ வரிசை: 3-ஆவது கம்பி அனுப்புவது, 6-ஆவது பெறுவது, 4-உம் 5-உம் தரை. அதே வரிசை கொண்ட இரண்டு போர்ட்டுகளை இணைக்க வேண்டுமானால் ஒருவர் அனுப்புவது மற்றவர் பெறும் கம்பிக்குப் போக வேண்டும் அல்லவா? அதற்குத்தான் ரோல்ஓவர் கேபிள். ஒரு முனையின் 1 மறுமுனையின் 8-க்கும், 2 அங்கே 7-க்கும், 3 அங்கே 6-க்கும் போகும்; அப்படியே தலைகீழாக. இரண்டு முனைகளையும் அருகருகே ஒரே பக்கமாகப் பிடித்துப் பார்த்தால் கம்பி நிறங்களின் வரிசை ஒன்றில் இடமிருந்து வலம், மற்றதில் வலமிருந்து இடம். தட்டையான வெளிர்நீலக் கேபிள் என்று பலர் நினைவில் வைத்திருப்பது இதைத்தான்.

பல புதிய கன்சோல் சர்வர்கள் தங்கள் போர்ட்டுகளின் உள் வரிசையை முன்கூட்டியே திருப்பி வைத்திருக்கின்றன. அங்கே ரோல்ஓவர் போட்டால் இரட்டைத் திருப்பம் ஆகி எதுவும் வேலை செய்யாது. சாதாரண ஈதர்நெட் கேபிளே சரி. சைக்ளேடிஸ் என்ற பெயரில் வழங்கும் வரிசை இன்னொரு வகை, அதற்கு வேறு அடாப்டர். சில மாடல்களில் எந்த வரிசை என்பதை மென்பொருளிலேயே மாற்றலாம். எனவே கேபிள் வாங்கும் முன் "பின் அவுட்" (எந்தக் கம்பி எந்த வேலைக்கு என்ற) அட்டவணை உள்ள பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கன்சோல் சர்வரின் சொந்தக் கன்சோல் யுஎஸ்பி துளையாக இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் அந்தக் கேபிள் தரவு கடத்துவதாக இருக்க வேண்டும், வெறும் சார்ஜ் கேபிளாக இருந்தால் கணினி கண்டுகொள்ளாது.

யுஎஸ்பி-சீரியல் மாற்றியைச் செருகினேன், கணினியில் எதுவும் தெரியவில்லை.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு செருகிப் பாருங்கள். "போர்ட்டுகள்" என்ற தலைப்பின் கீழ் காம் 3, காம் 5 என்று ஒன்று புதிதாக முளைத்தால் அதுதான் உங்களுடையது. மாற்றியை வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் எண் மாறக்கூடும். நேற்று காம் 3 என்றால் இன்றும் அதுவே என்று நம்ப வேண்டாம். லினக்ஸில் டிடிஒய்-யுஎஸ்பி-0 என்பது போன்ற பெயர் வரும். பெயர் வந்தும் அனுமதி இல்லை என்றால் உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் உங்கள் பயனரை "டயல்அவுட்" குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

மஞ்சள் எச்சரிக்கைக் குறி தெரிந்தால் டிரைவர் சிக்கல், அல்லது உள்ளே இருப்பது போலிச் சில்லு. 2014 அக்டோபரில் இத்தகைய சில்லுகளைத் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலிச் சில்லுகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கி அவற்றை முடக்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மாற்றிகள் ஒரே நாளில் செத்தன. கண்டனம் எழுந்து அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. இந்த ஒரு பொருளில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள்.

டெர்மினல் மென்பொருளில் என்ன அமைப்பு? திரையில் குப்பை எழுத்துகள் வருகின்றனவே?

புட்டி, டெரா டெர்ம், மினிகாம், ஸ்கிரீன் என்று எதையும் பயன்படுத்தலாம். தொடக்க அமைப்பு: வேகம் 9600, தரவு 8 பிட், பேரிட்டி இல்லை, ஸ்டாப் 1 பிட், ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. கையேடுகளில் இதைச் சுருக்கி 8-என்-1 என்பார்கள்.

இணைத்தவுடன் திரை கறுப்பாக இருப்பது இயல்பு. கருவி பேச ஆரம்பிக்காது, நீங்கள்தான் எண்டர் விசையைத் தட்ட வேண்டும். இரண்டு மூன்று தடவை தட்டினால் உள்நுழைவு வரி வரும். வராவிட்டால் என்ன தெரிகிறது என்பதைக் கவனியுங்கள், அதிலேயே விடை இருக்கிறது.

தட்டும்போதெல்லாம் கேள்விக்குறிகளும் கட்டங்களும் விநோதக் குறிகளும் வந்தால் கேபிள் சரி, வேகம்தான் தவறு. மகிழ்ச்சியடையுங்கள், பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். 115200-ஐ முயலுங்கள், அடுத்து 19200, 38400, 57600. புதிய கருவிகளில் 115200 அதிகம். வேறுபாடு எவ்வளவு என்றால், 9600-இல் ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்து 10 பிட் ஆவதால் விநாடிக்கு 960 எழுத்துகள்தான் போகும். 80-க்கு 24 என்ற முழுத் திரையை நிரப்ப 2 விநாடி. 115200 அதைப்போல 12 மடங்கு.

எண்டர் தட்டியும் ஒன்றுமே வரவில்லை என்றால் காம் எண்ணோ கம்பி வரிசையோ தவறு.

மூன்றாவது வகைதான் ஆளைக் குழப்புவது: கருவி தொடங்கும்போது வரும் வரிகள் அழகாக ஓடுகின்றன, ஆனால் நீங்கள் தட்டுவது எதுவும் போகவில்லை. இதற்குப் பெரும்பாலும் ஃப்ளோ கன்ட்ரோல் காரணம். வன்பொருள் வகை இயங்கிக்கொண்டிருந்தால், "அனுப்பலாம்" என்ற சைகை மறுமுனையிலிருந்து வரும் வரை கணினி வாயைத் திறக்காது. உங்கள் கேபிளில் அந்தச் சைகைக்கான கம்பியே இல்லாமல் இருக்கலாம். அதை "இல்லை" என்று மாற்றுங்கள். புட்டியில் இயல்பாக இருப்பது மென்பொருள் வகை. அங்கே கைதவறிக் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் திரை உறைந்துவிடும், கன்ட்ரோல்-க்யூ அழுத்தினால் உயிர்பெறும்.

உலாவி "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று தடுக்கிறது. தொடரலாமா?

நேரடிக் கேபிளில் இருக்கும்போது தொடரலாம். கருவி தன் சான்றிதழில் தானே கையெழுத்திட்டிருக்கிறது, அதனால் உலாவி அதை நம்பவில்லை. பின்னர் உங்கள் நிறுவனச் சான்றிதழைப் பதித்துவிடுங்கள்.

"தொடர்க" என்ற வாய்ப்பே தராமல் உலாவி மறுத்தால் அது வேறு கதை. 2020-இல் முக்கிய உலாவிகள் எச்டிடிபிஎஸ் பயன்படுத்தும் மறைகுறியாக்க முறையான டிஎல்எஸ்ஸின் பழைய 1.0, 1.1 பதிப்புகள் இரண்டையும் கைவிடத் தொடங்கின. கிடங்கில் நெடுநாள் கிடந்த கருவி அந்தப் பழைய மொழியை மட்டும் பேசக்கூடும். எஸ்எஸ்எச்சிலும் இதே நிலைதான்: 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 பழைய ஷா-1 கையெழுத்தை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. அந்த ஓர் இணைப்புக்கு மட்டும் பழைய முறையை அனுமதித்து உள்ளே போய், ஃபர்ம்வேரை (கருவியின் உள்மென்பொருளை) புதுப்பித்துவிட்டு, அனுமதியை எடுத்துவிடுங்கள். சீரியல் கன்சோலுக்கு இந்த வயதுத் தகராறு எதுவும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் என்ன?

பழைய கருவிகளில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல், கையேட்டிலேயே அச்சாகியிருக்கும். புதியவற்றில் பெட்டிக்கு ஒன்றாகச் சீட்டில் இருக்கும், அல்லது முதல் நுழைவிலேயே மாற்றச் சொல்லும். கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இவ்விரண்டில் ஒன்று வேண்டும் என்கிறது. சீட்டைக் கைபேசியில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ரேக்கில் ஏற்றியபின் அடிப்பக்கத்தைப் படிக்கக் கழுத்தைச் சுளுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

உள்ளே போய்விட்டேன். முதலில் எதைச் செய்வது?

கடவுச்சொல். அதை மாற்றாமல் பொது நெட்வொர்க்கில் ஒரு நிமிடம்கூடச் செருகாதீர்கள். இந்தப் பெட்டியைப் பிடித்தவன் கையில் அதன் பின்னால் உள்ள 48 கருவிகளின் கன்சோலும் இருக்கிறது.

அடுத்து ஃபர்ம்வேர். போர்ட்டுகளை எல்லாம் அமைத்துவிட்டுப் புதுப்பிப்பதைவிட இப்போதே செய்வது நல்லது. பிறகு நிலையான ஐபி முகவரி, மாஸ்க், கேட்வே. நேரத்தையும் சரிசெய்யுங்கள். நள்ளிரவில் விழுந்த சர்வரின் கடைசி வரிகளைப் பதிவில் தேடும்போது கடிகாரம் 1970-ஐக் காட்டினால் அந்தப் பதிவால் பயனில்லை. மறைகுறியாக்கம் இல்லாத டெல்நெட்டையும் எச்டிடிபியையும் அணைத்து எஸ்எஸ்எச், எச்டிடிபிஎஸ் மட்டும் வையுங்கள்.

பயனர்களை ரேடியஸ் அல்லது டாக்காக்ஸ் என்னும் மையச் சரிபார்ப்புச் சர்வர் மூலம் சரிபார்ப்பதாக இருந்தால், அந்தச் சர்வர் கிடைக்காதபோது உள்ளூர்க் கணக்கு வேலை செய்கிறதா என்று கட்டாயம் சோதியுங்கள். நெட்வொர்க் விழுந்தபின் நுழைய வேண்டிய பெட்டி, நுழைய நெட்வொர்க்கிடம் அனுமதி கேட்டு நின்றால் எப்படி?

பிறகு போர்ட்டுகளுக்குப் பெயர். "போர்ட் 17" என்பது அமைத்தவருக்கு ஒரு வாரம் வரை நினைவிருக்கும்.

புதிய ஐபி முகவரியைச் சேமித்த நொடியே இணைப்பு போய்விட்டது.

போகத்தான் செய்யும். கருவி புதிய முகவரிக்குக் குடிபெயர்ந்துவிட்டது, உங்கள் கணினி பழைய நெட்வொர்க்கில் நிற்கிறது. கணினிக்கும் புதிய நெட்வொர்க்கில் ஒரு முகவரி கொடுத்து மீண்டும் திறங்கள். மாஸ்க்கில் ஓர் எண் பிசகிவிட்டது என்று சந்தேகம் வந்தால் சீரியல் கேபிளை எடுங்கள்.

கருவிகளின் கன்சோலில் செருகும்போது ஏதாவது கெட்டுப்போக வாய்ப்பு உண்டா?

உண்டு, மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

முதலாவது பிரேக் சைகை. சீரியல் கம்பியை, எதுவும் அனுப்பாதபோது இருக்கும் நிலைக்கு எதிரான நிலையில், ஓர் எழுத்தின் நேரத்தைவிட அதிகமாகப் பிடித்துவைத்தால் அது பிரேக். பழைய சன் ஸ்பார்க் சர்வர்கள் பிரேக் வந்தால் ஓடும் வேலையை நிறுத்திவிட்டு "ஓகே" என்ற வரியில் வந்து நிற்கும். கன்சோல் சர்வரின் மின்சாரத்தை அணைத்துப் போட்டாலே சில மாடல்கள் எல்லாப் போர்ட்டுகளிலும் பிரேக் அனுப்பிவிடும். ஒரு பெட்டியை மறுதொடக்கம் செய்யப்போய் ஓர் அறையே நின்றுபோகும். சிஸ்கோ ரவுட்டர்களில் தொடங்கிய முதல் 60 விநாடிக்குள் பிரேக் வந்தால் ராம்மான் என்னும், இயங்குதளம் தொடங்குவதற்கு முந்தைய மீட்பு நிலைக்குப் போய்விடும். கடவுச்சொல் மீட்க அதைத்தான் வேண்டுமென்றே செய்வார்கள்.

இரண்டாவது யுபிஎஸ். சில யுபிஎஸ்களின் சீரியல் போர்ட் வெளியில் சாதாரணமாகத் தெரிந்தாலும் உள்ளே கம்பி வரிசை அவற்றுக்கே உரியது. பொதுக் கேபிளைச் செருகினால் அணைந்துவிடக்கூடும். யுபிஎஸ் அணைந்தால் அதோடு சேர்ந்து எவையெல்லாம் அணையும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, கேபிள் வழியே மின்சாரம் தரும் ஸ்விட்ச். தரமான வகை எதிர்முனையைச் சோதித்த பிறகே மின்சாரம் விடும். கேளாமலே விடும் மலிவு வகைகள் உண்டு. அதன் கேபிள் தவறிச் சீரியல் துளைக்குள் போனால் அந்தப் போர்ட் கருகலாம். இரண்டு வகைக் கேபிளுக்கும் இரண்டு நிறம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பிட்ட போர்ட்டுக்கு நேரே போவது எப்படி? வெளியே வருவது எப்படி?

பல கருவிகளில் டிசிபி எண் மூலம் போகலாம். ஓப்பன்கியரில் 3000-உடன் போர்ட் எண்ணைக் கூட்டினால் எஸ்எஸ்எச்: 7-ஆவது போர்ட் 3007. டெல்நெட் என்றால் 2007.

வெளியே வருவதில்தான் வேடிக்கை. எஸ்எஸ்எச்சில் எண்டர் தட்டி, டில்டே (~) குறி, பிறகு புள்ளி. ஆனால் ஓர் எஸ்எஸ்எச்சுக்குள் இன்னோர் எஸ்எஸ்எச் வழியாக வந்திருந்தால் வெளியில் உள்ளது முதலில் அறுந்துவிடும். உள்ளே உள்ளதை மட்டும் முடிக்க டில்டேயை இரண்டு முறை தட்டிப் புள்ளி வையுங்கள். ஸ்கிரீனில் கன்ட்ரோல்-ஏ, பிறகு கே.

ஒன்றை மறக்காதீர்கள். நீங்கள் இணைப்பைத் துண்டித்ததை மறுமுனை ரவுட்டர் அறியாமல் இருக்கலாம். நிர்வாகியாக நுழைந்து, வெளியேறாமல் சாளரத்தை மூடினால், அடுத்து அந்தப் போர்ட்டைத் திறப்பவர் எவரானாலும் கடவுச்சொல் இல்லாமலே நிர்வாகி. முதலில் ரவுட்டரிலிருந்து வெளியேறுங்கள், பிறகு போர்ட்டிலிருந்து. ரவுட்டரின் கன்சோலுக்குக் காலக்கெடுவும் வையுங்கள்.

கடைசியில் இதை எந்த நெட்வொர்க்கில் செருகுவது?

எதைக் காப்பாற்ற வைத்திருக்கிறீர்களோ அதில் மட்டும் செருகாதீர்கள். பிரதான ஸ்விட்சின் வழியாகத்தான் கன்சோல் சர்வரை அடைய முடியும் என்றால், அந்த ஸ்விட்ச் விழும் நாளில் சாவி பூட்டிய பெட்டிக்குள் இருக்கும்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் உலகெங்கும் மறைந்தன. பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டது. பிரதான வழியோடு மாற்று நிர்வாக வழியும் சேர்ந்தே செயலிழந்ததாக நிறுவனமே பின்னர் எழுதியது. பொறியாளர்கள் டேட்டா சென்டர்களுக்கு நேரில் போய்த்தான் சரிசெய்தார்கள்.

எனவே இரண்டாவது ஈதர்நெட் போர்ட்டில் வேறோர் இணைய இணைப்போ, செல்லுலார் மோடமோ கொடுங்கள். சிம் அட்டை போட்டால் மட்டும் போதாது, மூடிய ரேக்குக்குள் சிக்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள், இரும்புக் கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள். டிஎன்எஸ் பெயரை நம்பாமல் முகவரியை எண்ணாகவே எழுதிவையுங்கள்.

கிளம்புவதற்கு முன் பிரதான நெட்வொர்க் கேபிளைக் கையால் பிடுங்கிவிட்டு, கைபேசி இணையத்திலிருந்து உள்ளே வர முயலுங்கள். வர முடிந்தால் கேபிளைத் திரும்பச் செருகுங்கள். முதல் நாள் பயன்படுத்திய சீரியல் கேபிளைச் சுருட்டி, வேகம் எவ்வளவு என்று எழுதிய சீட்டோடு ரேக்கின் உள்பக்கத்தில் கட்டிவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.